கசப்பான கீரையும் பஸ்கா மேசையில் உண்டு

தியான வேதப்பகுதி: யாத்திராகமம் 12:24–27; மத்தேயு 1:1–17



எகிப்தை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே, அந்த இரவை இனிவரும் தலைமுறைகள் எப்படி நினைவுகூரவேண்டும் என்று கர்த்தர் இஸ்ரவேலருக்குக் கற்பித்தார். அந்த ஏற்பாட்டின் நடுவே ஒரு பிள்ளை நிற்கிறது. இந்த ஆராதனையின் பொருள் என்ன என்று அந்தப் பிள்ளை கேட்கும். தகப்பன் அதற்குப் பதில் சொல்லவேண்டும். ஆசாரியனிடம் போய்க் கேள் என்று அனுப்பிவிடவில்லை. வீட்டிலே, உணவு மேசையிலே, பெற்றவரின் வாயினாலே அந்தக் கதை சொல்லப்படவேண்டும் என்பதே கட்டளை.

யூத மக்கள் இந்தக் கட்டளையை இன்றளவும் கைக்கொண்டு வருகிறார்கள். பஸ்கா இரவில் அவர்கள் குடும்பமாக அமரும்போது வாசிக்கிற நூலுக்கு ஹகதா என்று பெயர். எபிரெய மொழியில் அதன் பொருள் 'சொல்லுதல்' என்பதே. வீட்டின் இளைய பிள்ளை கேள்வி கேட்க, பெரியவர்கள் விடுதலையின் கதையைச் சொல்லுகிறார்கள். இந்நூலை அழகுபடுத்துவதற்காக ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கைவண்ணத்தைக் கொடுத்தார்கள். 14-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்தில் தீட்டப்பட்டு, இன்று போஸ்னியாவின் சரயேவோ நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிற ஹகதா ஒன்றின் பக்கங்களில் திராட்சரசக் கறைகள் படிந்திருக்கின்றன. அலமாரியில் பூட்டிவைக்கப்பட்ட நூலல்ல அது. குடும்பங்கள் உண்டு, குடித்து, வாசித்து, கதை சொல்லிய நூல் என்பதற்கு அந்தக் கறைகளே சாட்சி.

அந்த மேசையில் இருப்பவற்றைக் கவனியுங்கள். புளிப்பில்லாத அப்பம் உண்டு, திராட்சரசம் உண்டு, கசப்பான கீரையும் உண்டு. அடிமைத்தனத்தின் கசப்பைச் சொல்லாமல் விடுதலையின் இனிமையை மட்டும் சொல்லிவிட அவர்களுக்கு அனுமதியில்லை. பிள்ளைகளின் நாவும் அந்தக் கசப்பை ருசிபார்க்கவேண்டும். கசப்பை மறைத்துச் சொல்லப்படும் கதை முழுக் கதையாகாது என்பதே இதன் பாடம்.

இந்தப் பாடத்தைத் தன் வாழ்க்கையில் மிகுந்த விலைகொடுத்துக் கற்ற ஒரு யூதப் பெண்ணின் வரலாற்றை இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் 1917-ஆம் ஆண்டு பிறந்தவர் சார்லோட் சாலமோன். தந்தை ஆல்பர்ட் சாலமோன் பெயர்பெற்ற அறுவைசிகிச்சை மருத்துவர். மார்பகப் புற்றுநோயை எக்ஸ்ரே படத்தின் மூலம் ஆராய்ந்து 1913-ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டவர். தாய் பிரான்சிஸ்கா, வசதியும் கல்வியும் நிறைந்த வீட்டில் பிறந்தவர். அக்காலத்துப் பெர்லினில் வாழ்ந்த யூதக் குடும்பங்கள் பலவற்றைப்போலவே அவர்களும் தங்களை முழுமையான ஜெர்மானியராகவே எண்ணி வாழ்ந்தார்கள். அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் மரமும் ஒளிர்ந்தது. தாங்கள் யூதர் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆயினும் அன்றாட வாழ்வில் அது பெரிதாகப் பேசப்படவில்லை.

அந்த வீட்டில் பேசப்படாத வேறொன்றும் இருந்தது. சார்லோட்டின் தாய்க்கு ஒரு தங்கை இருந்தாள். 1913-ஆம் ஆண்டில், இளம்வயதிலேயே அவள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். அவளுடைய பெயரைத்தான் குழந்தைக்கு வைத்தார்கள். அவள் எப்படி மரித்தாள் என்பதைச் சொல்லவில்லை. தாயையும் ஆழ்ந்த மனச்சோர்வு பற்றிக்கொண்டது. பரலோகம் எவ்வளவு அழகானது என்று அவர் மகளிடம் அடிக்கடி பேசினார். தாம் அங்கே போனபின் தேவதூதனாகத் திரும்பி வந்து, அந்த இடம் எப்படியிருக்கிறது என்று எழுதிய கடிதம் ஒன்றை ஜன்னல் ஓரத்தில் வைப்பதாகவும் வாக்களித்தார். 1926-ஆம் ஆண்டில் அந்தத் தாயும் தன் சகோதரியின் வழியிலேயே போனார். சார்லோட்டுக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிறையவில்லை. தாய் காய்ச்சலால் மரித்தார் என்று குழந்தையிடம் சொன்னார்கள். கடிதம் வந்திருக்கிறதா என்று அந்தச் சிறுமி ஜன்னலருகே போய்ப் பார்த்துப் பார்த்து ஏமாந்தாள்.

பெரியவர்கள் அன்பினாலேயே அப்படிச் சொல்லியிருப்பார்கள். சிறுபிள்ளையின் மனம் உடையாதிருக்கவேண்டும் என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் ஒரு பொய்யின்மேல் கட்டப்பட்ட வீட்டில் அந்தப் பிள்ளை வளர்ந்தது. தன்னைச் சூழ்ந்திருந்த பாரத்தை உணர்ந்தது. அதற்குப் பெயர் என்ன என்று அறியவில்லை.

1930-ஆம் ஆண்டில் தந்தை மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னை பவுலா லிண்ட்பெர்க் ஒரு யூத ரபியின் மகள், புகழ்பெற்ற பாடகி. லூத்தரன் திருச்சபையின் மாபெரும் இசைமேதை பாக்கின் பாடல்களைப் பாடிப் பேர்பெற்றவர். அவரால் அந்த வீடு இசையால் நிறைந்தது. சார்லோட் அவரை உயிராக நேசித்தார். அவ்வீட்டுக்கு வந்துபோன குரலிசை ஆசிரியர் ஆல்பிரட் வோல்ப்சோன் முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் மரண ஓலங்களைக் கேட்டு, பல காலம் அவற்றை மறக்கமுடியாமல் தவித்தவர். மனிதன் தன் உள்ளத்தின் இருண்ட ஆழத்துக்கு அஞ்சாமல் இறங்கினால்தான் தன் சொந்தக் குரலைக் கண்டடைவான் என்பது அவருடைய போதனை. இளம் சார்லோட்டின் உள்ளத்தில் அந்த வித்து விழுந்தது.

1933-ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். வீட்டில் மெதுவாக மறக்கப்பட்டுக்கொண்டிருந்த யூத அடையாளத்தை அரசாங்கம் பகையோடு எடுத்து அவர்கள் நெற்றியில் எழுதியது. தந்தை பல்கலைக்கழகப் பணியை இழந்தார். சிற்றன்னைக்குப் பொதுமேடைகள் அடைக்கப்பட்டன. யூதர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அரங்குகளில் மட்டுமே அவர் பாட முடிந்தது. ஓவியக் கல்லூரியில் சேர்ந்திருந்த சார்லோட் 1938-ஆம் ஆண்டில் அதை விட்டு வெளியேறினார். அதே ஆண்டு நவம்பர் மாதம் 9-ஆம் தேதி இரவில் ஜெர்மனியெங்கும் ஜெபஆலயங்கள் எரிக்கப்பட்டன. யூதர்களின் கடைகள் நொறுக்கப்பட்டன. தந்தை கைதாகி, சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். பவுலா ஓயாமல் போராடி அவரை மீட்டார். உடல் நலிந்து திரும்பிய தந்தை, மகளையாவது தப்புவிக்கவேண்டும் என்று, தென்பிரான்சில் குடியேறியிருந்த தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் 1939-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரை அனுப்பிவைத்தார்.

அங்கே போர் அவர்களைத் தொடர்ந்துவந்தது. பயத்தினாலும் பழைய துக்கங்களினாலும் நொறுங்கிப்போன பாட்டி, 1940-ஆம் ஆண்டில் தம் இரண்டு மகள்களைப்போலவே தம் உயிரை முடித்துக்கொண்டார். அந்நாட்களில்தான் பாட்டன் உண்மையைச் சொன்னார். உன் தாய் காய்ச்சலால் மரிக்கவில்லை. உன் சித்தியும் இப்படித்தான் போனாள். பாட்டியின் குடும்பத்தில் இன்னும் பலர் இப்படியே போனார்கள் என்றார். அதை அவர் இரக்கத்தோடு சொல்லவில்லை, கல்லெறிவதுபோல எறிந்தார். நீயும் அப்படியே போய்விடு என்கிற அளவுக்கு அவருடைய வார்த்தைகள் கடுமையாயிருந்தன என்பதைச் சார்லோட்டின் ஓவியங்களிலிருந்தே அறிகிறோம்.

சில மாதங்களில், அவரும் பாட்டனும் கூர்ஸ் என்னும் தடுப்புமுகாமில் அடைக்கப்பட்டார்கள். பாட்டனின் முதுமையையும் பலவீனத்தையும் முன்னிட்டு விடுவிக்கப்பட்டார்கள். சொந்த தேசம் இல்லை; தாயும் பாட்டியும் இல்லை; தந்தையும் சிற்றன்னையும் நெதர்லாந்தில் அகப்பட்டிருந்தார்கள். தன் குடும்பத்துப் பெண்கள் போன பாதை தனக்கும் விதிக்கப்பட்டதோ என்ற கேள்வி முன்னே நின்றது. அந்த நிலையில் சார்லோட் ஒரு தீர்மானம் செய்தார். மரிப்பதற்குப் பதிலாக, மறைக்கப்பட்ட கதை முழுவதையும் தீட்டிவிடுவது என்பதே அது.

கடற்கரை ஊர் ஒன்றின் சிறிய விடுதியில் அறையெடுத்துத் தங்கி, 1941, 1942-ஆம் ஆண்டுகளில் அவர் இடைவிடாமல் தீட்டினார். தீட்டும்போதெல்லாம் அவர் மெல்லிய குரலில் பாடிக்கொண்டேயிருந்தார் என்று விடுதி நடத்திய பெண்மணி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய மூன்று மூலவண்ணங்களைக் கலந்தே ஓவியங்களைப் படைத்தார். பல ஓவியங்களின்மேல் மெல்லிய தாளைப் பொருத்தி, அதில் உரையாடல்களை எழுதினார். எந்தக் காட்சிக்கு எந்த ராகத்தைப் பாடவேண்டும் என்றும் குறித்துவைத்தார். இப்படி 769 ஓவியங்களைத் தெரிந்தெடுத்து வரிசைப்படுத்தி, 'வாழ்க்கையா? அல்லது நாடகமா?' என்று தலைப்பிட்டார். அந்த வரிசையில் முதலில் வருவது, தன் பெயரை முன்பு தாங்கியிருந்த சித்தியின் மரணம். தாயின் கண்ணீரும், ஜன்னலருகே காத்திருந்த சிறுமியும், சிற்றன்னையின் பாட்டும், தெருவில் அணிவகுத்துவந்த ஹிட்லரின் படையும் அதில் உண்டு. வீட்டின் அன்பும் உண்டு, வெட்கமும் உண்டு. ஒன்றையும் அவர் மறைக்கவில்லை.

அந்த ஓவியங்களைக் கட்டாகக் கட்டி, நம்பிக்கைக்குரிய ஒரு மருத்துவரிடம் ஒப்படைத்தார். தன் வாழ்வு முழுவதும் அதில் இருக்கிறது, பத்திரமாக வைத்திருங்கள் என்ற கருத்தில் சொல்லிச் சென்றார். 1943-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தன்னைப்போலவே அகதியாயிருந்த ஒருவரை மணந்தார். செப்டம்பரில் ஜெர்மானியப் படை அப்பகுதியைப் பிடித்தது. இருவரும் கைதானார்கள். அக்டோபரில் சார்லோட் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். வயது 26. அப்போது அவர் கர்ப்பவதியாயிருந்தார்.

தந்தையும் சிற்றன்னையும் நெதர்லாந்தில் ஒளிந்திருந்து உயிர்தப்பினார்கள். போர் முடிந்தபின் 1947-ஆம் ஆண்டில் மகளைப்பற்றி ஏதேனும் அறியலாமோ என்று தென்பிரான்சுக்குப் போனபோது, அந்த ஓவியக் கட்டு அவர்கள் கையில் வந்துசேர்ந்தது. இப்படியொன்றை மகள் படைத்திருக்கிறாள் என்பதையே அவர்கள் அதுவரை அறியவில்லை. அதைத் திறந்து பார்த்த தகப்பனின் நிலையை எண்ணிப்பாருங்கள். சிறுமியிடம் தாங்கள் மறைத்ததையெல்லாம் அவள் அறிந்திருந்தாள், அறிந்தும் நேசித்திருந்தாள். 1971-ஆம் ஆண்டில் அவர்கள் அவற்றை ஆம்ஸ்டர்டாமிலுள்ள யூத அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இன்றும் அவை அங்கே இருக்கின்றன.

பிரியமானவர்களே, சார்லோட் யூதப் பெண்; யூதப் பெண்ணாகவே கொல்லப்பட்டார். அவரை நம்முடைய பரிசுத்தவாட்டிகளில் ஒருவராக்கிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. அவருடைய பாடுகளுக்கு நாம் எளிதான விளக்கம் சொல்லவும் கூடாது. அவருடைய வரலாற்றின் முன்னே தலைகுனிந்து நின்று கற்றுக்கொள்ளலாம். நான் கற்றுக்கொள்ளும் இரண்டு காரியங்களை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலாவது, நம் வீடுகளைப்பற்றியது. மத்தேயு தம் சுவிசேஷத்தை ஒரு வம்சவரலாற்றோடு தொடங்குகிறார். நாமாயிருந்தால் அந்தப் பட்டியலில் சில பெயர்களை விட்டிருப்போம். தாமாரைக் குறித்து யார் வெளியே சொல்லுவார்? ராகாபின் பழைய வாழ்க்கையை எந்தக் குடும்பம் நினைவில் வைத்துக்கொள்ள விரும்பும்? தாவீதைச் சொல்லும் இடத்திலோ, மத்தேயு பத்சேபாளின் பெயரைக்கூடச் சொல்லாமல் உரியாவின் மனைவியாயிருந்தவள் என்றே எழுதி, ராஜாவின் பாதகத்தைப் பட்டியலுக்குள்ளேயே வைத்துவிடுகிறார். பரிசுத்த ஆவியானவர் அருளிய வேதம் தன் குடும்பக் கதையில் கசப்பான கீரையை அகற்றவில்லை. நம் இரட்சகர் அந்த உண்மையான வம்சத்தில்தான் பிறந்தார்.

நம் வீடுகளிலோ, குடும்ப மானம் என்ற பெயரில் எத்தனை கதைகள் புதைக்கப்பட்டிருக்கின்றன! மனநோயால் வாடிய சித்தப்பா, தன் உயிரை முடித்துக்கொண்ட அத்தை, கடனால் ஊரைவிட்டுப் போன தாத்தா. அவர்களுடைய படங்கள் சுவரிலிருந்து இறக்கப்பட்டன. பெயர்கள் ஜெபத்திலிருந்தும் நீக்கப்பட்டன. பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்கிறோம். பிள்ளைகள் கதையை அறியார்கள். ஆனால் அதன் பாரத்தை உணருவார்கள். நம் மௌனம் அவர்களைக் காப்பதில்லை. அந்தப் பாரத்தைத் தனியே சுமக்கவிடுகிறது.

ஆயினும் பாட்டன் சொன்னவிதமாய்ச் சொல்லுவதும் தவறு. அன்புடன் சத்தியத்தைக் கைக்கொள்ளவேண்டும் என்று எபேசியர் 4:15-இல் பவுல் அப்போஸ்தலன் போதிக்கிறார். அன்பில்லாத உண்மை கல்லாகிறது. உண்மையில்லாத அன்போ ஜன்னலருகே ஒருபோதும் வராத கடிதமாகிறது. பிள்ளையின் வயதுக்கும் பெலத்துக்கும் ஏற்றபடி, மடியில் வைத்துச் சொல்லுகிற உண்மையே உயிர்கொடுக்கும். உங்களில் யாராவது இன்று அப்படிப்பட்ட இருளில் நடந்துகொண்டிருந்தால், தயவுசெய்து தனியே நடவாதிருங்கள். என்னிடம் வாருங்கள், மருத்துவரிடம் போங்கள். மனச்சோர்வுக்கு மருந்து உண்பது விசுவாசக் குறைவல்ல. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் மரணத்தை விரும்பியபோது, கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து உறங்கவைத்தார்.

இரண்டாவது, திருச்சபை என்னும் நம் பெரிய குடும்பத்தைப்பற்றியது. சார்லோட்டின் குடும்பத்தை அழித்த தேசம் ஆலயமணிகள் ஒலித்த தேசம். 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுக்கொடுத்த சீகன்பால்கு ஐயர் பிறந்ததும் அந்த ஜெர்மானிய மண்ணிலேதான். அந்தத் திருப்பணிக்காக நாம் நன்றியோடு கர்த்தரைத் துதிக்கிறோம், துதிக்கவேண்டும். ஆனால் முழுக் கதையையும் சொல்லவேண்டும். சுவிசேஷத்தின் மேன்மையை மீட்டுத்தந்த மார்ட்டின் லூத்தர், 1543-ஆம் ஆண்டில் யூதருக்கு விரோதமாகப் பகை நிறைந்த நூலொன்றையும் எழுதினார். அவர்களுடைய ஜெபஆலயங்களை எரிக்கவேண்டும் என்று அதில் ஆலோசனை சொன்னார். நாசிகள் அந்த நூலைத் தேடியெடுத்துப் பயன்படுத்தினார்கள். லூத்தர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த வார்ட்பர்க் கோட்டை ஐசனாக் என்னும் ஊரின்மேல் நிற்கிறது. அதே ஐசனாக்கில் 1939-ஆம் ஆண்டில், திருச்சபை வாழ்விலிருந்து யூத அடையாளங்களை அகற்றுவதற்கென்றே கிறிஸ்தவர்கள் ஒரு நிறுவனத்தைத் திறந்தார்கள். அதற்கேற்பத் திருத்திய புதிய ஏற்பாட்டையும் பாட்டுப் புத்தகத்தையும் வெளியிட்டார்கள். தாவீதின் குமாரனைத் தாவீதின் வீட்டிலிருந்து பிரித்துவிட முயன்றார்கள்!

இது எங்கோ தூரதேசத்தில் நடந்தது, நமக்கென்ன என்று சொல்லவேண்டாம். பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களில் 'யூதர்கள் கொன்றார்கள்' என்று ஒரு ஜனம் முழுவதையும் குற்றவாளியாக்கிப் பேசும் வழக்கம் நம்மிடமும் உண்டு. கர்த்தரைச் சிலுவையில் அறைந்தது என் பாவம் என்று பாடிவிட்டு, அடுத்த நிமிடமே பழியை வேறொருவர்மேல் சுமத்துகிறோம். ரோமர் 11-ஆம் அதிகாரத்தில் பவுல் புறஜாதியாராகிய நம்மைப் பார்த்து, காட்டொலிவ மரத்திலிருந்து வெட்டப்பட்டு நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்பட்டவர்கள் என்கிறார். கிளைகள் வேரைச் சுமப்பதில்லை. வேர்தான் நம்மைச் சுமக்கிறது. ஆகையால் பெருமைபாராட்ட நமக்கு இடமில்லை.

இந்த வாரத்தில் ஒரு காரியத்தைச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலுள்ள பழைய குடும்ப வேதாகமத்தை எடுங்கள். பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றை நம் முன்னோர் அதன் முதற்பக்கங்களில் எழுதிவைத்திருப்பார்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். நம் குடும்பத்தில் முதலாவது ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர் யார், அதற்காக அவர் எதை இழந்தார் என்று சொல்லுங்கள். விடப்பட்டுப்போன பெயர் இருந்தால், நடுங்கும் கையாலாவது அதை எழுதிச் சேருங்கள். எழுதத் தெரியாத பாட்டி இருந்தால் சொல்லச்செய்து எழுதிக்கொள்ளுங்கள். வரையத் தெரிந்த பிள்ளை இருந்தால், கேட்ட கதையை வரையச்செய்யுங்கள். கசப்பு வரும் இடத்தில் கதையை நிறுத்தாதிருங்கள். நம்மை மீட்ட கர்த்தர் அந்தப் பக்கத்திலும் நம்மோடிருந்தார்.

ஜெபிப்போம்.

ஆபிரகாமின் தேவனே, ஈசாக்கின் தேவனே, யாக்கோபின் தேவனே, எங்கள் வீடுகளில் புதைக்கப்பட்ட துக்கங்களை நீர் அறிந்திருக்கிறீர். அவற்றை அன்போடும் உண்மையோடும் சொல்ல எங்களுக்கு வாயைத் தாரும். கேட்கும் பிள்ளைகளுக்குப் பெலனைத் தாரும். உம்முடைய பூர்வ ஜனத்துக்கு விரோதமாக உம்முடைய சபை செய்த பாவத்தை எங்களுக்கு மன்னியும். எவரையும் பகைக்கிற வேரை எங்களிலிருந்து பிடுங்கிப்போடும். தாவீதின் குமாரனாகிய இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.